தேசம்மா எதற்குச் சிரித்தாள்

கோடு நகர ஆரம்பித்துவிட்டது. திரையின் அடியில் மெல்லிசாக ஒரு பச்சைக்கோடு, அது இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் படம் முழுசாக வெளியே வந்துவிடும், பென்டிரைவில் போட்டு டைரக்டர் அறவாழி சாரின் கையில் கொடுத்துவிடலாம், அதுவரை எனக்கு வேலை கிடையாது, நாற்காலியைச் சாய்த்துக்கொண்டு மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்திருக்கிறேன். வெளியே சாலிகிராமத்தில் நல்ல வெயில் அடிக்கும் நேரம், இந்த மாடி அறைக்குள் வெயிலும் தெரியாது மழையும் தெரியாது, சுவரெல்லாம் கார்ப்பெட் ஒட்டி ஜன்னலை அடைத்து வைத்திருக்கிறார்கள், பழைய மெஷின் உஸ்ஸென்று மூச்சு விடுகிறது, எனக்கு உள்ளுக்குள் பாட்டு ஓடுகிறது. சந்தோஷமாக இருக்கிறேன், அதைச் சொல்ல என்ன வெட்கம். எல்லாம் அந்த ஒரு கட்டால், இரண்டு ஷாட்டை வெட்டி ஒட்டிய அந்த ஒரு இடத்தால் வந்த சந்தோஷம். கட்சித் தலைவரின் கை புது வீட்டுச் சாவியை நீட்டுகிறது, அடுத்த ஷாட்டில் தேசம்மாக்காவின் முகம், முதலில் ஒன்றுமில்லை, பிறகு கண்ணோரம் சுருங்குகிறது, பிறகு கன்னம் மேலே ஏறுகிறது, பிறகு அந்தச் சிரிப்பு, அணை திறந்த மாதிரி. இத்தனை வருஷமாக எடிட்டிங் செய்கிறேன், இப்படி ஒரு கட் எனக்கு விழுந்ததே இல்லை. நேற்று அது சரியாக உட்கார்ந்ததும் எழுந்து நின்று எனக்கு நானே கை தட்டிக்கொண்டேன், அறையில் யாரும் இல்லாததால் தப்பித்தேன். பத்து நிமிஷப் படம், ஆற்றோரத்துக் குடிசைகளிலிருந்து ஊருக்கு வெளியே அடுக்குமாடி வீட்டுக்குப் போன ஜனங்களைப் பற்றிய டாக்குமெண்டரி, கட்சி செலவில் எடுத்தது, இன்று சாயங்காலம் பாலத்துக்கு அடியில் வேட்டியைக் கட்டித் திரை போட்டு, இன்னும் போகாமல் ஆற்றோரத்திலேயே இருக்கிற மீதி ஜனங்களுக்குப் போட்டுக் காட்டப் போகிறார்கள், நாளைக் காலையில் அவர்களிடம் சம்மதக் கையெழுத்து வாங்கப் போகிறார்கள். பத்து நிமிஷத்தில் மற்றதெல்லாம் பாதை, அந்தச் சிரிப்புதான் கோயில். அதை நான்தான் கட்டினேன்.

எப்படிக் கட்டினேன் என்று யாராவது கேட்க மாட்டார்களா என்றிருக்கிறது. யாரும் கேட்பதில்லை, படம் நன்றாக இருந்தால் டைரக்டரைப் பாராட்டுவார்கள், இழுவையாக இருந்தால் எடிட்டர் என்ன செய்தாள் என்பார்கள். நானே சொல்லிக்கொள்கிறேன். தலைவரின் கை திரையில் இடப்பக்கமிருந்து வருகிறது, அப்படியானால் வாங்குகிறவள் இடப்பக்கம் பார்க்க வேண்டும், தேசம்மாக்காவோ ஷாட்டில் வலப்பக்கம் கீழே பார்க்கிறாள். சும்மா ஒட்டினால் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டு முகம் திருப்பின மாதிரி இருக்கும். ஆகவே ஷாட்டைக் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலமாகத் திருப்பிப் போட்டேன். திருப்பினால் இடத்தோளில் கிடக்கிற முந்தானை வலத்தோளுக்கு வந்துவிடுமே, அதை எந்தப் பொம்பிளையும் கண்டுபிடித்துவிடுவாளே, அதனால் கழுத்துவரை பெரிதாக்கி முந்தானையைத் திரைக்கு வெளியே தள்ளினேன். அவள் எங்கே சிரிப்பை முடித்துப் பேச ஆரம்பிக்கிறாளோ, உதடு குவிகிறதே, அந்தக் குவிவு கண்ணுக்குத் தெரிவதற்கு ஒரு இமைப்பு முன்னால் வெட்டினேன். அடியில் இருந்த சத்தத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, வேறெங்கோ ஒரு பூங்காவில் பதிவு செய்து வைத்திருந்த குருவிச் சத்தத்தைப் போட்டேன், ஒரு குழந்தை தூரத்தில் கூப்பிடுகிற சத்தம், அதுவும் வேறு ஊர்க் குழந்தை. சொல்கிறபோது ஏதோ திருட்டுப் பட்டியல் போலத்தான் இருக்கும், செய்கிறபோது அப்படி இல்லை, செய்கிறபோது குழம்புக்கு உப்பு சரியாக விழுந்த மாதிரி இருக்கும், நாக்குக்குத் தெரியும், மூளைக்குப் பிறகுதான் தெரியும். கோடு கால்வாசி வந்திருக்கிறது.

இந்த ருசி எனக்குத் தூத்துக்குடியிலேயே பிடித்துவிட்டது. அங்கே கல்யாண வீடியோ போடுகிற ஒரு ஸ்டூடியோவில்தான் தொழில் கற்றேன். ரோஸ்லின் என்றொரு பெண்ணின் கல்யாணம், கோயிலில் திருப்பலி, தாலி கட்டு, எல்லாவற்றிலும் உம்மென்று இருக்கிறாள், பயமா தூக்கமா தெரியவில்லை, ஒரு இடத்தில்கூடப் பல் தெரியவில்லை. கேசட் முழுக்கத் தேடினேன். பந்தியில் கடைசியாக ஐஸ்கிரீம் வைக்கிறார்கள், அதைப் பார்த்ததும் சிரிக்கிறாள், பூ விரிந்த மாதிரி. எடுத்தேன், தாலி கட்டுகிற கையைக் காட்டிவிட்டு அதைப் போட்டேன். வீட்டில் டிவியில் போட்டுப் பார்த்து அவளுடைய அம்மா அழுதுவிட்டாளாம், மறுநாள் எனக்கு ஒரு பெட்டி மக்ரூன் கொண்டுவந்து கொடுத்தாள், நான் அதை யாருக்கும் கொடுக்காமல் ஒளித்து வைத்துத் தின்றேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம். வருஷங்கள் கழித்து ரோஸ்லினை மார்க்கெட்டில் பார்த்தேன், இரண்டு பிள்ளைகள், சந்தோஷமாகத்தான் இருந்தாள், பேச்சுவாக்கில் சொன்னாள், "அன்னிக்கு எம்புட்டு பயந்து கெடந்தேன்னு சொல்லுதாவ, எனக்கு அப்படி ஞாபகமே இல்லக்கா. தாலி கட்டும்போது நான் சிரிச்சேன்லா?" ஆமா புள்ள, சிரிச்சே, என்றேன். வேறு என்ன சொல்ல. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்கு ஒரே பெருமையாக இருந்தது, கூடவே செருப்புக்குள் ஒரு மணல் கிடந்த மாதிரியும் இருந்தது. அவளுடைய ஞாபகத்துக்குள்ளேயே போய் எடிட்டிங் செய்துவிட்டு வந்திருக்கிறேன், அவளுக்கே தெரியாமல். ஐஸ்கிரீம் என்ன ஆயிற்று. ஐஸ்கிரீமுக்கு அவள் சிரித்தது எங்கே போயிற்று. அதை யோசித்தால் வேலை ஓடாது என்று விட்டுவிட்டேன்.

இப்போதும் விட்டுவிடலாம், ஆனால் கோடு மெதுவாகப் போகிறது, சும்மா இருக்கிற மூளை எதையாவது நோண்டும். தேசம்மாக்கா எதற்குச் சிரித்தாள் என்று எனக்குத் தெரியும், அதுதான் தொந்தரவு, நான் அங்கே இருந்தேன். ஷூட்டிங்குக்குப் போகிற எடிட்டர் கிடையாது, எனக்கு மட்டும் முகத்தை நேரில் பார்க்காமல் வெட்ட வராது, அதனால் போனேன். ஏரிக்குப் பக்கத்தில் பெட்டி பெட்டியாகக் கட்டடங்கள், லிஃப்ட் இருக்கிறது, கதவு இருக்கிறது, பொத்தான்கூட இருக்கிறது, ஓட மட்டும் மாட்டேன் என்கிறது. மேல்மாடியில் தேசம்மாக்காவின் வீடு. நாற்பது வருஷம் ஆற்றோரத்தில் மீன் விற்றவள், அங்கே அவள் சொல்லாமல் ஒரு கல்யாணம் நிச்சயமானதில்லை, ஒரு சண்டை முடிந்ததில்லை. படிக்கட்டும் தெரிகிற மாதிரி கேமராவை ஸ்டாண்டில் வைத்து, வாசலில் அவளை உட்காரவைத்து அறவாழி சார் கேட்டார், "வீடு எப்படிம்மா இருக்கு?" அவள் யோசித்தாள். "வூடு நல்லாத்தான் கீது சார். தரை பளபளன்னு கீது. மழை வந்தா ஒழுவல, ஆத்துத் தண்ணி உள்ள வர்ல. ஆனா இன்னும் வராதவங்கள நான் வான்னு சொல்ல மாட்டேன், அவங்க பொழப்பு அங்க கீது, மார்க்கெட் அங்க கீது." இதைச் சொல்லி முடிக்கவும் தண்டபாணி அண்ணன் படி ஏறி வரவும் சரியாக இருந்தது. எங்கள் கேமராமேன்தான், ஆள் கொஞ்சம் கனம், கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே கீழே விட்டுவந்த பேட்டரியை எடுக்கப் போனவர், பெட்டியோடு வந்து கடைசிப் படியில் பொத்தென்று உட்கார்ந்தார், வாயைத் திறக்கிறார், காற்றுதான் வருகிறது. தேசம்மாக்கா அவரைப் பார்த்தாள். கண்ணோரம் சுருங்கியது. சிரித்தாள் பாருங்கள். சிரித்துவிட்டுச் சொன்னாள், "ஒரு வாட்டி ஏறினதுக்கே இப்டியா? தண்ணிக்கொடத்தோட ஏறிப் பாரு ராசா." நாங்கள் எல்லோரும் சிரித்தோம், அறவாழி சார்தான் அதிகம், அவர் சிரித்தால் தெருவுக்கே கேட்கும். அந்தக் குவிந்த உதடு, நான் வெட்டி எறிந்தேனே, அது இந்தப் பேச்சு.

அறவாழி சார் கெட்டவர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். இளவயதில் தெருத்தெருவாக நாடகம் போட்டவர், போலீசிடம் அடி வாங்கியவர், இப்போது கட்சிக்காரர்கள் கூப்பிட்டுப் படம் எடுக்கச் சொல்கிறார்கள், எடுக்கிறார். நான் ஒருமுறை பேச்சை இழுத்துப் பார்த்தேன், அக்கா வான்னு சொல்ல மாட்டேன்னு சொன்னாங்களே சார் என்று. "ஜெசி, போன வெள்ளத்துல அந்த ஆத்தோரத்துல கழுத்து மட்டும் தண்ணி. மாடி வீடு நல்லதா, அது நல்லதா, நீயே சொல்லு" என்றார். அதுவும் நிஜம்தான். வெள்ளம் நிஜம், ஒழுகாத கூரை நிஜம், ஓடாத லிஃப்ட் நிஜம், மார்க்கெட்டுக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும் என்பது நிஜம். இத்தனை நிஜத்தையும் வைத்துக்கொண்டு ஜனங்கள் தாங்களாக ஒரு கணக்குப் போட்டு முடிவு செய்வார்கள் என்றுதானே நினைப்போம். ஆனால் என் கட் இருக்கிறதே, அது கணக்குப் போட விடாது. அதுதான் அதன் அழகு. கை நீள்கிறது, முகம் மலர்கிறது, குருவி கத்துகிறது, அவ்வளவுதான், உள்ளே இறங்கிவிடும். எனக்கே இறங்குகிறது, ஒட்டியவள் நான், ஒவ்வொரு தடவை ஓட்டிப் பார்க்கும்போதும். சாயங்காலம் பாலத்தடியில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தலைவரை நேரில் தெரியாது, என்னைத் தெரியாது, தேசம்மாவைத் தெரியும். தேசம்மாவே சிரிக்கிறா, வாடி போவலாம் என்பாள் ஒருத்தி. மூட்டை கட்டுவார்கள். அடுப்பைத் தூக்குவார்கள். குடிசையைப் பிரித்துப் போட்டுவிட்டால் திரும்பி வந்து நிற்க இடம் கிடையாது. கோடு பாதியைத் தாண்டிவிட்டது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"ஜெசிந்தாவா? நான்தாம்மா, தேசம்மா." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, ஷூட்டிங் அன்று படம் வந்தா சொல்லும்மா என்று கேட்டு நம்பர் வாங்கிக்கொண்டதை மறந்தே போயிருந்தேன். சொல்லுங்கக்கா என்றேன். "கீழ்வூட்டு மேரி போன்ல ஒரு துண்டுப் படம் காட்டுச்சு. கட்சி ஆளுங்க காலைல அனுப்பிகிறாங்களாம். அதுல ஒரு பொம்பள சாவி வாங்கிகினு சிரிக்குதே, யாரும்மா அது?" நீங்கதான்க்கா என்றேன். "நான் இல்லம்மா. என்னாட்டமேதான் கீறா, சிரிப்பும் என்னுதுதான். ஆனா மூக்குத்தி இடப்பக்கம் போட்டுகினு கீறா. எனக்கு வலப்பக்கமாச்சே." நான் நாற்காலியை நிமிர்த்தினேன். முந்தானையை மறைக்கத் தெரிந்தது, கழுத்தைப் பார்த்தேன், கண்ணைப் பார்த்தேன், உதட்டை ஒவ்வொரு ஃப்ரேமாகப் பார்த்தேன், முகத்தின் நடுவில் மின்னிக்கொண்டிருந்ததைப் பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை, அந்தப் பக்கம் அவளும் சிரிக்கிறாள். "அவ வூட்டாண்ட குருவியெல்லாம் கத்துதும்மா. என்னா ஜாலியா கீறா பாரு. அவ வூடு எங்க கீது, சொல்லு, நானும் அங்கயே போய்ட்றேன்." விளையாட்டாகச் சொல்கிறாளா நிஜமாகவே வேறொருத்தி என்று நினைக்கிறாளா, எனக்கு விளங்கவில்லை, இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றியது. திருப்பிப் போட்ட கதையைச் சொன்னேன். உம் கொட்டிக் கேட்டாள். "இன்னிக்கு சாயங்காலம் எங்காளுங்களுக்கு இதத்தான் காட்டப் போறாங்களா?" ஆமாக்கா. "பாத்தா வந்துருவாங்க இல்ல?" வந்துருவாங்கக்கா. "வந்தா எனக்கு நல்லதுதாம்மா. இங்க எல்லாம் கதவச் சாத்திகினு கெடக்குதுங்க. எங்காளுங்க வந்தா சண்டை போடவாவது ஆளு இருக்கும். ஆனா நான் கூப்ட்டு வந்தா அது வேற. அந்தப் பொம்பள கூப்ட்டு வர வேணாம். மேல ஏறி வந்து நின்னுகினு, எங்கடி அந்தப் பொம்பளன்னு என்னத்தானே கேப்பாங்க?" குக்கர் கத்துது, வெச்சிட்றேன் என்று வைத்துவிட்டாள்.

கோடு அந்த ஓரத்தைத் தொடப் போகிறது. நிறுத்தினேன். நிச்சயமாகவா என்று கேட்டது மெஷின், அதற்கும் ஆமாம் என்று அமுக்கினேன், பச்சை போய்விட்டது. முன்னோட்டத்துக்கென்று நேற்றே கட்சிக்கு அனுப்பிய டீஸர் போனது போனதுதான், அதைப் பிடிக்க முடியாது, படமாவது என் கையில் இருக்கிறது. விரல்கள் என்னைவிட வேகமாக ஓடின. முதலில் ஷாட்டை நேராகத் திருப்பினேன், மூக்குத்தி அதன் இடத்துக்குப் போயிற்று, அட, முகமே மாறிவிட்டது, இவள்தான் தேசம்மாக்கா, இத்தனை நாள் வேறு யாரையோ அல்லவா பார்த்து ரசித்திருக்கிறேன். குருவியைத் துரத்தினேன். நான் வெட்டிய இடத்தை இழுத்துவிட்டேன், உதடு குவிந்தது, பேச்சு வந்தது. அப்போதுதான் அந்த வேடிக்கை நடந்தது. தலைவரின் கை இன்னும் முன்னால் அப்படியே இருந்ததா, கை சாவியை நீட்டுகிறது, தேசம்மாக்கா விழுந்து விழுந்து சிரித்துவிட்டுச் சொல்கிறாள், ஒரு வாட்டி ஏறினதுக்கே இப்டியா, தண்ணிக்கொடத்தோட ஏறிப் பாரு ராசா. தலைவரைப் பார்த்து. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது, இது அதைவிட நல்ல கட், நூறு மடங்கு நல்ல கட், இதை மட்டும் வெளியே விட்டால் ஊரே பார்த்துச் சிரிக்கும், எதிர்க்கட்சிக்காரன் வீடு தேடி வந்து சால்வை போடுவான். மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன், மூன்று தடவையும் சிரித்தேன். நான்காவது தடவை சிரிப்பு பாதியில் நின்றது. அவள் தலைவரிடம் அதைச் சொல்லவில்லையே. தண்டபாணி அண்ணனிடம் அல்லவா சொன்னாள். இந்தப் பொம்பளையும் வேறொருத்திதான், மூக்குத்தி மட்டும் சரியான பக்கம் இருக்கிறது, நாளைக்கு யாராவது அக்காவின் கதவைத் தட்டித் தலைவரையா கிண்டல் பண்றே என்று கேட்டால் நானா போய் நிற்பேன். என் கை லேசுப்பட்ட கை இல்லை, எந்தப் பக்கம் விட்டாலும் அந்தப் பக்கம் ஆட்டை மாடாக்கிவிடும். எனக்கே என் கையைப் பார்த்துப் பயமாக இருந்தது, பயத்துக்குள்ளேயும் குஷியாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். தலைவரின் கையைத் தூக்கி எடுத்துவிட்டேன். பெரிதாக்கின முகத்தைப் பழையபடி சிறிதாக்கினேன். அறவாழி சாரின் கேள்வி, அவளுடைய யோசனை, ஒழுகாத கூரை, வான்னு சொல்ல மாட்டேன், தண்டபாணி அண்ணன் பொத்தென்று உட்காருவது, சிரிப்பு, பேச்சு, எங்கள் எல்லோருடைய சிரிப்பு, ஒரே ஷாட், எங்கேயும் கத்தி வைக்கவில்லை. இந்தப் படத்தில் நான் ஒன்றுமே செய்யாத ஒரே இடம், அதைப் பார்த்து எனக்கு இவ்வளவு சந்தோஷம் வருமென்று நான் நினைக்கவே இல்லை.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு அறவாழி சார் வந்தார், "என்ன ஜெசி, முடிஞ்சுதா? வட்டச் செயலாளர் நாலு தடவை போன் பண்ணிட்டாரு" என்றார். ஒரு இடம் மாத்தியிருக்கேன் சார், பாத்துருங்க என்றேன். முறைத்தார். உட்கார்ந்தார். போட்டேன். தேசம்மாக்கா பேசும்போது கையைக் கட்டிக்கொண்டார், வான்னு சொல்ல மாட்டேன் என்ற இடத்தில் என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார், அதற்குள் தண்டபாணி அண்ணன் படியில் உட்கார்ந்துவிட்டார், இவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அவருடைய சிரிப்பு, கார்ப்பெட் சுவரைத் தாண்டி வெளியே கேட்டிருக்கும். ராசா என்று அவள் முடிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிப்பு நின்றது. திரையில் அந்தக் கடைசி ஃப்ரேம் அப்படியே நின்றுகொண்டிருந்தது, அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதைப் போட்டா ஒருத்தன் வர மாட்டான், ஜெசி" என்றார். "வாரவங்க வருவாங்க சார். தண்ணிக்கொடத்தோட ஏறணும்னு தெரிஞ்சு வருவாங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. இந்த அறை, இந்த மெஷின், இந்த மாச வாடகை எல்லாம் அவர் கொடுக்கிற வேலையில்தான் ஓடுகிறது, அவர் ஒரு வார்த்தை சொன்னால் பழைய கட்டைத் திரும்ப வைக்க எனக்கு இரண்டு நிமிஷம் ஆகும், வைக்க மாட்டேன் என்று சொல்ல வாயைத் தயாராக வைத்திருந்தேன். அவர் தாடியைச் சொறிந்தார். போன் அடித்தது, அதில் வட்டச் செயலாளர் பெயர், எடுத்துக் காதில் வைத்தார், அந்தப் பக்கம் கத்துவது எனக்கே கேட்டது. "ரெடிதான்ணே" என்றார். "கொண்டுவரேன். ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடறேன், பாத்தா நீங்களே சிரிச்சிருவீங்க." சொல்லிக்கொண்டே, இன்னொரு தடவை போடு என்று எனக்குக் கையைக் காட்டினார்.